‘போலி’ என்று எழுதியது பற்றி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை இணைப்பிதழில், அமெரிக்காவில் வீட்டிலேயே பீர் தயாரிப்பவர்களைப் பற்றி அரைப்பக்கக் கட்டுரை ஒன்று வந்திருந்தது. பிரபல கம்பெனிகளின் பீரை இவர்கள் ‘போலியாக’ தயாரிக்கிறார்கள் என்று நடுவில் கொட்டை எழுத்தில் ஒரு வரி. இந்தப் பழக்கம் கள்ளக்குறிச்சியில் நடந்தது போன்ற மெத்தனால் விபரீதத்தில் முடியக்கூடும் என்று கடைசிப் பத்தியில் ஓர் எச்சரிக்கை. இரண்டும் தவறு. முதலாவது எனக்குக் கோபத்தைக் கொடுத்தது. இரண்டாவது கவலையைக் கொடுத்தது. கடிதம் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி. வயது அறுபத்திரண்டு. பிறந்தது தாராபுரம் பக்கம் ஒரு கிராமம். கலிபோர்னியாவில் மொடெஸ்டோ என்ற ஊரில், பால் பொருள் தொழிற்சாலை ஒன்றின் பரிசோதனைக் கூடத்தில் இருபத்தாறு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பீர் மேல் எனக்குப் பெரிய ஆசை கிடையாது; ஒரு நாளில் அரை டம்ளரைத் தாண்டியதில்லை. எனக்கு ஆசையெல்லாம் புளிக்கும் பொருள்கள் மேல்தான். தயிர், தோசை மாவு, மோர், எதுவாக இருந்தாலும் மூடியைத் திறந்து முகர்ந்து பார்க்காமல் இருக்க முடியாது. அது தெரிந்துதான், ஓய்வு பெற்ற அன்று கூட வேலை பார்த்தவர்கள் இரண்டு பிளாஸ்டிக் வாளிகளையும், கூழ் கிண்டும் துடுப்பு மாதிரி ஒரு நீளக் கரண்டியையும், திரவத்தின் அடர்த்தியை அளக்கும் ஒரு ஹைட்ரோமீட்டரையும் பரிசாகக் கொடுத்து அனுப்பினார்கள்.

மெத்தனாலை முதலில் முடித்துவிடுகிறேன். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் சுற்றுப்புறத்திலும் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததற்குக் காரணம், எதுவும் தானாகப் புளித்து நஞ்சானது அன்று. ஆலைகளில் கரைப்பானாகப் பயன்படும் மெத்தனால் அவர்கள் குடித்த சாராயத்தில் இருந்தது. புளிக்கவைக்கும் நுண்ணுயிரான ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று வெளியே தள்ளுவது, போதை தரும் எத்தனாலும் கரியமில வாயுவும். பழத்தோலில் இருக்கும் பெக்டின் சிதையும்போது துளி அளவு மெத்தனால் வருவதுண்டு. பார்லியில் பெக்டின் மிகக் குறைவு. போதாததற்கு, பீரை யாரும் காய்ச்சி வடிப்பதில்லை. புளித்ததை அப்படியே பாட்டிலில் அடைக்கிறோம், அவ்வளவுதான். பானையில் எதுவோ கெட்டுப்போய்த்தான் அத்தனை பேர் செத்தார்கள் என்று வாசகர் நினைத்துக்கொண்டால், மெத்தனாலை அங்கே கொண்டுவந்து சேர்த்தவர்களைப் பற்றிக் கேட்க மாட்டார். என் கவலை இதுதான்.

சட்டத்தையும் ஒரு வரி சொல்லியிருக்கலாம். 1978 அக்டோபரில் ஜனாதிபதி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டத்தின்படி, அமெரிக்காவில் வயதுவந்த ஒருவர் ஆண்டுக்கு 100 கேலன், வயதுவந்தவர்கள் இருவரோ அதற்கு மேலோ உள்ள வீட்டில் 200 கேலன் வரை, வரி கட்டாமல் சொந்த உபயோகத்துக்குப் பீர் தயாரித்துக்கொள்ளலாம். 200 கேலன் என்றால் ஏறக்குறைய 757 லிட்டர். விற்கக் கூடாது. சாராயம் வடிப்பதற்கு அந்தச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. தமிழ்நாட்டில் 1937 முதல் இருக்கும் மதுவிலக்குச் சட்டப்படி இதெல்லாம் குற்றம். ஆகவே இந்தக் கடிதத்தைச் செய்முறைக் குறிப்பாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இப்போது அந்தச் சொல்லுக்கு வருகிறேன்.

போலி என்றால் என்ன? அடுத்தவன் பெயரை ஒட்டி, அடுத்தவன் சரக்கு என்று நம்ப வைத்து, காசு வாங்குவது. நான் பெயரும் ஒட்டுவதில்லை, காசும் வாங்குவதில்லை. கடையில் கிடைக்கும் ஒரு பீரை எடுத்துக்கொண்டு, அதே ருசி என் அடுப்பில் வருகிறதா என்று பார்க்கிறேன். இங்கே அதைக் ‘குளோன்’ என்கிறார்கள். எங்கள் ஊரில் ஒருத்தி எலுமிச்சை ஊறுகாய் நன்றாகப் போட்டால், மற்றவர்கள் போய்ப் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு வந்து தங்கள் வீட்டில் போடுவார்கள். “அவள் கைப்பக்குவம் பார்த்துப் போட்டது” என்றுதான் சொல்வார்கள். அதைப் போலி ஊறுகாய் என்று ஒருவரும் சொல்லி நான் கேட்டதில்லை.

நான் பார்த்துச் செய்வது சியரா நெவாடா பேல் ஏல் என்ற பீரை. அதைத் தயாரிக்கும் நிறுவனம் இருக்கும் சிக்கோ என்ற ஊர், எங்கள் ஊரிலிருந்து வடக்கே மூன்று மணி நேரக் கார்ப் பயணம். அதன் கதையைத் தெரிந்துகொண்டிருந்தால் உங்கள் கட்டுரையாளர் அந்த வரியை எழுதியிருக்க மாட்டார். அதைத் தொடங்கிய கென் கிராஸ்மேன், அதற்கு முன்பு சிக்கோவில் வீட்டுப் பீர்காரர்களுக்குச் சாமான் விற்கும் சிறு கடை வைத்திருந்தார். அவரே வீட்டில் காய்ச்சிப் பழகியவர். 1979இல் பால் கமூசி என்பவரோடு சேர்ந்து நிறுவனத்தைத் தொடங்கி, 1980 நவம்பரில் முதல் பீரைக் காய்ச்சினார்கள். புதுத் தளவாடம் வாங்கப் பணமில்லை. பால் பண்ணைகள் கழித்துப் போட்ட பழைய தொட்டிகளை வாங்கி, வெட்டி ஒட்டிப் பீர் ஆலை ஆக்கினார்கள். பேல் ஏல் ஒவ்வொரு தடவையும் ஒரே ருசியில் வரும் வரை, தொடக்கத்தில் காய்ச்சிய பல கொப்பறைகளைச் சாக்கடையில் கொட்டினார்கள். இருபத்தாறு ஆண்டுகள் பால் தொட்டிகளோடு வாழ்ந்த எனக்கு இந்தக் கதை எப்படி இனித்திருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். வீட்டு அடுப்பிலிருந்து கடைக்குப் போன பீரை நான் திரும்பவும் வீட்டு அடுப்புக்குக் கொண்டுவருகிறேன்.

களவு என்று சொல்லவும் வழியில்லை. ஆல்கஹால் 5.6 சதவீதம், கசப்பு அளவு 38, கசப்புக்கும் மணத்துக்கும் போடும் ஹாப்ஸ் பூவில் காஸ்கேட் ரகம் என்று நிறுவனமே வெளியிட்டிருக்கிறது. பொருள்கள் தெரியும், பக்குவம்தான் தெரியாது. சாம்பாரில் துவரம்பருப்பு இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் ஓட்டல் சாம்பார் வந்துவிடுமா?

நாள் குறித்துத்தான் காய்ச்சுவேன். ஒரு நாள் முழுக்கப் போய்விடும். 19 லிட்டருக்குச் சாதாரண வெளிர் மால்ட் 4.3 கிலோ, நிறத்துக்கும் லேசான இனிப்புக்கும் கேரமல் மால்ட் 350 கிராம். மால்ட் என்பது வேறொன்றும் இல்லை, முளைகட்டிக் காயவைத்த பார்லி. குழந்தைக்குக் கேழ்வரகை முளைகட்டி, காயவைத்து, திரித்துக் கஞ்சி காய்ச்சுவார்களே, முளைகட்டாத மாவைவிட அது நீர்த்தும் இனிப்பாகவும் இருக்கும். முளை விடும்போது தானியத்துக்குள் உண்டாகும் நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக வெட்டுவதுதான் காரணம். இங்கேயும் அதே வேலை. பாகாகக் காய்ச்சி டின்னில் விற்கும் மால்ட்டை வாங்கிக் கரைத்தும் பீர் செய்யலாம். நான் அதைத் தொடுவதில்லை. முழுத் தானியத்திலிருந்து தொடங்கினால்தான் பக்குவம் நம் கையில் இருக்கும்.

நொறுக்கிய தானியத்தை 14 லிட்டர் வெந்நீரில் கொட்டிக் கிளறும்போது சூடு 67 டிகிரி செல்சியஸில் வந்து நிற்க வேண்டும். நீர் 74 டிகிரியில் இருந்தால் எனக்குச் சரியாக வருகிறது. 63க்கு இறங்கினால் பீர் நீர்த்து வறண்டுபோகும். 70ஐத் தாண்டினால் நொதி அவசரமாக வெட்டிவிட்டு அயர்ந்துவிடும். ஈஸ்ட் தின்ன முடியாத சர்க்கரை மிஞ்சி, பீர் மந்தமாக இனிக்கும். இந்த ஏழு டிகிரி இடைவெளிக்குள்தான் கடைப் பீரின் உடல்வாகு ஒளிந்திருக்கிறது. பழைய ஐஸ் பெட்டி ஒன்றில் ஊற்றி, மேலே கம்பளியைப் போர்த்தி, ஒரு மணி நேரம் விட்டுவிடுவேன். பிறகு வெள்ளைத் தட்டில் ஒரு சொட்டுச் சாறும் ஒரு சொட்டு அயோடினும். நீலம் பாய்ந்தால் மாவு இன்னும் மிச்சம் இருக்கிறது. பாலில் மாவு கலந்திருக்கிறார்களா என்று பார்க்க ஆயிரம் தடவை செய்த சோதனை. அங்கே நீலம் வந்தால் ஒருவன் அகப்பட்டான் என்று பொருள். இங்கே இன்னும் கால் மணி நேரம் பொறு என்று பொருள்.

சாற்றை வடித்து, சக்கையின் மேல் மறுபடி வெந்நீர் ஊற்றி மிச்ச இனிப்பையும் கழுவி எடுத்துக்கொண்டு, ஒரு மணி நேரம் கொதிக்க விடுகிறேன். சக்கை பக்கத்து வீட்டு ஆடுகளுக்குப் போகும். ஹாப்ஸ் என்பது ஒரு கொடியின் பூ. முதலில் போடுவது கசப்புக்கு, கடைசியில் போடுவது மணத்துக்கு. பெர்லே என்ற ரகத்தில் 20 கிராம் கொதி தொடங்கும்போது, 15 கிராம் பாதியில். காஸ்கேட் 28 கிராம் இறக்குவதற்குப் பத்து நிமிடம் முன்பு, இன்னும் 40 கிராம் அடுப்பை அணைத்த கையோடு. அந்தக் கடைசிப் பிடியைப் போட்டதும் வீடு முழுக்க, பம்பளிமாஸ் தோலைக் கிள்ளினால் வருமே, அந்த மணம். இந்த மணத்துக்காகவே என் கணவர் என் பைத்தியத்தைப் பொறுத்துக்கொள்கிறார் என்று நினைக்கிறேன். அவர் குடிப்பவர் அல்லர். “வாழ்நாள் முழுக்கப் பாலைக் காய்ச்சியவள் கடைசியில் இதைக் காய்ச்சுகிறாய், உன் அப்பா பார்த்தால் என்ன சொல்வார்?” என்பார். என் அப்பா ஊர்ப் பால் சங்கத்தில் லாக்டோமீட்டரை மிதக்கவிட்டுத் தண்ணீர்ப் பாலைப் பிடிப்பவர். இந்த ஹைட்ரோமீட்டர் அதன் தங்கை. சாற்றில் விட்டதும் 1.052இல் மிதக்கும், புளித்து முடிந்ததும் 1.011க்கு இறங்கும். அப்பா எண்ணைத்தான் கேட்டிருப்பார்.

முதல் தடவை நான் செய்தது குடிக்க லாயக்கில்லை. பாட்டிலைத் திறந்ததும் ஆஸ்பத்திரி வாடை. காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியை வாயில் வைத்தது போல ஒரு ருசி. இரண்டு நாள் யோசித்தேன். தண்ணீரா, தானியமா, ஈஸ்ட்டா என்று எல்லோரையும் சந்தேகப்பட்டேன், என்னைத் தவிர. தொழிற்சாலைப் பழக்கத்தில் வாளியையும் குழாயையும் ப்ளீச் ஊற்றிக் கழுவியிருந்தேன். ஒரு தடவை மட்டும் அலசியிருந்தேன். கீறல்களில் தங்கிய குளோரின், தானியத்திலிருந்தும் ஹாப்ஸிலிருந்தும் வரும் ஃபீனால்களோடு சேர்ந்தால் குளோரோஃபீனால் ஆகும். துளியின் துளி இருந்தாலும் நாக்கு கண்டுபிடித்துவிடும். சுத்தம் சுத்தம் என்று இருபத்தாறு ஆண்டுகள் அடுத்தவர்களை விரட்டியவள், சுத்தத்தாலேயே 19 லிட்டரைக் கெடுத்தேன். ஐம்பது பாட்டிலையும் ஒவ்வொன்றாகத் திறந்து தொட்டியில் கவிழ்த்தேன். கணவர் வாசலில் நின்று பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் காபி போடப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு அயோடோஃபார்தான். பால் கறப்பதற்கு முன்னும் பின்னும் மாட்டு மடியில் தடவுவார்களே, அந்த அயோடின் கரைசல். 19 லிட்டர் தண்ணீருக்கு 15 மில்லி. அலச வேண்டாம், வடியவிட்டால் போதும். பதில் என் பழைய பீரோவிலேயே இருந்திருக்கிறது. இரண்டாவது தடவை ஜூலை வெயிலில் செய்து, கார் நிறுத்தும் அறை 38 டிகிரிக்குப் போய், வார்னிஷ் வாடையோடு ஒரு பீர் வந்தது. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. மொடெஸ்டோவில் ஜூலையில் செய்தது என் முட்டாள்தனம்.

மூன்றாவது தடவைதான் இந்தக் கடிதத்துக்குக் காரணம். அந்த நிறுவனத்தின் பீரில் வாயு ஏறுவது பாட்டிலுக்குள்ளேயே. அடைக்கும்போது உயிருள்ள ஈஸ்ட் கொஞ்சம் உள்ளே இருக்கும். அடியில் மெல்லிய மண்டியாகப் படிந்திருப்பது அதுதான். பக்கத்து வீட்டில் உறைமோர் வாங்கி நம் பாலில் ஊற்றினால் அவர்கள் தயிர் நம் வீட்டில் தோய்கிறதல்லவா? அதையே செய்தேன். இரண்டு புது பாட்டில்களை மூன்று நாள் குளிர்பெட்டியில் நட்டமாக நிறுத்தி, பீரை மெதுவாக வார்த்து, அடியில் ஒரு விரற்கடை விட்டேன். பாட்டில் வாயை நெருப்பில் காட்டினேன். பரிசோதனைக் கூடத்துக் கை, அதைச் செய்யாமல் விடாது. கொதித்து ஆறிய நீர்த்த மால்ட் சாறு நூறு மில்லி ஊற்றி, அலுமினியத் தாளால் தளர்வாக மூடி, பூஜை அறைக்கு வெளியே இருக்கும் அலமாரியில் வைத்தேன். முதல் நாள் ஒன்றுமில்லை. இரண்டாம் நாளும் ஒன்றுமில்லை. செத்துவிட்டது என்று நினைத்தேன். மூன்றாம் நாள் காலையில் சாற்றின் ஓரத்தில் அரிசி கழுவிய நுரை போல ஒரு வளையம். காதை வைத்துக் கேட்டால் மழைக்கு முன் எறும்புப் புற்று போல ஒரு சலசலப்பு. அதை அரை லிட்டருக்கும், பிறகு ஒன்றரை லிட்டருக்கும் பெருக்கினேன். இதே வம்சத்து ஈஸ்ட்டைப் பொட்டலமாகக் கடையில் விற்கிறார்கள், ‘சிக்கோ’ என்றே அதற்குப் பெயர். ஆனாலும் பாட்டிலிலிருந்து நானே எழுப்பியது வேறு. அவர்கள் ஈஸ்ட், அவர்கள் சொன்ன ஹாப்ஸ், என் அடுப்பு. இதில் எங்கே ஐயா போலி?

நவம்பரில் காய்ச்சி, 19 டிகிரியில் இரண்டு வாரம் புளிக்கவிட்டு, வாயு ஏறுவதற்காக 115 கிராம் சர்க்கரை கரைத்துப் பாட்டிலில் அடைத்து, இன்னும் மூன்று வாரம் காத்திருந்தேன். பிறகு சோதனை. நான் செய்தது அதேபோல வந்திருக்கிறது என்று நானே சொல்லிக்கொள்வதில் பொருளில்லை. எங்கள் தொழிற்சாலையில் செய்வது போல, ஆளுக்கு மூன்று டம்ளர். இரண்டில் ஒரே பீர், ஒன்றில் மற்றது. வேறாக இருப்பது எது என்று சொல்ல வேண்டும். என் பீர் ஒரு சாயல் கருப்பு என்பதால் கண்ணாடி கிளாஸ் கூடாது. ஊரிலிருந்து கொண்டுவந்த எவர்சில்வர் டம்ளர்கள் முதன்முறையாக அறிவியலுக்கு உதவின.

ஐந்து பேர் குடித்தார்கள். அதில் ஒருவர் ஆடு வளர்க்கும் பக்கத்து வீட்டுக்காரர், அசோர்ஸ் தீவுகளிலிருந்து வந்த போர்த்துகீசியக் குடும்பம், மூன்று தலைமுறையாகப் பால் பண்ணை. அவர் நாக்கை எந்தக் கருவியாலும் ஏமாற்ற முடியாது. அவரும் இன்னொருவரும் சரியாகச் சொன்னார்கள், மூவர் தவறவிட்டார்கள். கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தாலே மூன்றில் ஒருவர் சரியாகச் சொல்லிவிடலாம். ஐவரில் நால்வராவது கண்டுபிடித்திருந்தால்தான் வித்தியாசம் இருக்கிறது என்று அடித்துச் சொல்ல முடியும். ஆகவே கணக்குப்படி நான் ஜெயித்தேன். ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் விடவில்லை. “உன்னுடையதில் மணம் தொண்டை வரைக்கும் வருகிறது, அவர்களுடையது இறங்கின பிறகும் இருக்கிறது” என்றார். மறுநாள் நான் தனியாக உட்கார்ந்து குடித்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. பாட்டிலில் அடைக்கும்போது காற்றுப் பட்டிருக்க வேண்டும். ஹாப்ஸ் மணத்துக்கு முதல் எதிரி காற்று. அடுத்த தடவை குழாயைப் பாட்டிலின் அடிவரை விட்டு நிரப்பப் போகிறேன்.

இவ்வளவு பாடுபட்டும் எட்டாத ஒன்றுக்குத்தான் உங்கள் பத்திரிகை ‘போலி’ என்று பெயர் வைத்தது.

இன்னொன்று. கட்டுரைக்கு வைத்த படத்தில் இருந்தது செம்புக் கொப்பறையும் சுருள் குழாயும். அது சாராயம் வடிக்கும் சாதனம். பீருக்கு அதில் வேலையே கிடையாது. படம் தேர்ந்தெடுத்தவர் எங்கள் கொங்குப் பக்கத்துக் கிழவி ஒருத்தியைக் கேட்டிருந்தால்கூடச் சொல்லியிருப்பாள். கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் தெளுவு, தடவாவிட்டால் கள், அடுப்பேற்றி வடித்தால்தான் சாராயம் என்ற வித்தியாசம் அங்கே எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் தெரியும்.

திருத்தம் வெளியிடுவதானால், நடுவில் ‘போலியாக’ என்று இருப்பதை ‘நகலாக’ என்று மாற்றவும். மெத்தனால் பற்றிய கடைசிப் பத்தியை முழுவதுமாக நீக்கவும். படத்தை எடுத்துவிட்டால் போதும், வேறு படம் வேண்டியதில்லை.

இப்படிக்கு,
இருபது ஆண்டு கால வாசகி,
மொடெஸ்டோ, கலிபோர்னியா